டார்க்ரூம் கேள்வி பதில்: வெங்காரம், சலவை சோடா, எக்ஸ்ரே ஃபிலிம்

போன இதழ்ல பெரிய சைஸ் ஃபிலிம் கேமரா பத்தியும் டெவலப்பர (எடுத்த ஃபிலிம்ல படத்த வெளில கொண்டு வர்ற கரைசல்) வீட்லயே கலக்குறத பத்தியும் எழுதியிருந்தேன். அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நெனக்கல, எல்லாத்துக்கும் இங்க இடம் இல்ல, ஒரே மாதிரி இருந்தத ஒண்ணா சேத்துட்டேன். பேர் போட வேணாம்னு நெறைய பேரு கேட்டதால ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

எங்க தாத்தா ஸ்டூடியோ வச்சிருந்தாரு. அவரோட மரக் கேமரா பரண்ல கெடந்துச்சு, ஆலப்புழைல செஞ்ச வாகீஸ்வரி, ஹாஃப் பிளேட் சைஸ். லென்ஸ் இருக்கு, கண்ணாடி பிளேட் போடுற ஹோல்டரும் மூணு இருக்கு. இதுக்கு இப்ப ஃபிலிம் கெடைக்குமா, இல்ல ஷோகேஸ்ல வைக்க வேண்டியதுதானா?
– காரைக்குடி

ஷோகேஸ் வேணவே வேணாம், அந்த கேமரா இன்னும் வேல செய்யும். மொதல்ல ராத்திரி லைட்ட எல்லாம் அணைச்சுட்டு பெல்லோஸுக்குள்ள (லென்ஸுக்குப் பின்னாடி இருக்குற மடிப்புத் துருத்தி) ஒரு சின்ன டார்ச்ச வச்சு நல்லா விரிச்சு வெளிலருந்து பாருங்க, மடிப்போட மூலைலதான் ஊசி ஓட்டை இருக்கும், நட்சத்திரம் மாதிரி மினுங்கும். கறுப்பு அக்ரிலிக் பெயின்ட்ல கொஞ்சம் ஃபெவிக்கால் கலந்து தொட்டு வச்சா போதும், ரெண்டு தடவ தடவுனா அடைஞ்சிடும்.

ஹாஃப் பிளேட்னா நாலே முக்காலுக்கு ஆறரை இன்ச். அந்த சைஸ் ஷீட் ஃபிலிம தேடி அலையாதீங்க, எக்ஸ்ரே ஃபிலிம் வாங்குங்க. 8க்கு 10 இன்ச் எக்ஸ்ரே ஷீட் ஒண்ணுல சரியா ரெண்டு ஹாஃப் பிளேட் வெட்டலாம், ஓரத்துல மிஞ்சுற துண்டு டெஸ்ட் பண்ண ஆகும், அதையும் தூக்கிப் போடாதீங்க. கடைல கேக்குறப்ப கிரீன் சென்சிட்டிவ்னு கேளுங்க. சிவப்பு வெளிச்சம் இதுக்கு தெரியாது, அதனால சிவப்பு லைட் போட்டுக்கிட்டே வெட்டலாம், ஹோல்டர்ல போடலாம், டெவலப் ஆகுறத கண்ணாலயே பாக்கலாம். மொதல் தடவ ட்ரேல அது நடக்குறத பாத்தீங்கன்னா தெரியும்: ரெண்டு நிமிஷம் ஒண்ணுமே இருக்காது, வெளிறின பால் கலர்ல ஒரு ஷீட்டு, அப்புறம் வானம் இருக்குற எடம் சாம்பலா ஏறும், அதுக்கப்புறம் வேட்டி, அப்புறம் மெதுவா மொகம். முழு இருட்டுல வேற ஃபிலிம டெவலப் பண்றவங்களுக்கு இது கெடைக்காது.

சிக்கலும் இருக்கு. பெரும்பாலான எக்ஸ்ரே ஃபிலிம்ல ரெண்டு பக்கமும் எமல்ஷன், அதாவது வெளிச்சம் பதியிற ஜெலட்டின் பூச்சு, இருக்கும், ஈரமா இருக்கும்போது ட்ரே அடில ஒரசுனா கீறிடும். ட்ரே அடில ஒரு கண்ணாடி போட்டு அது மேல ஒரு தடவைக்கு ஒரே ஷீட்டா போடுங்க. ஸ்பீடு (ஐஎஸ்ஓ) 50லருந்து 100க்குள்ள எங்கயோ இருக்கும், உங்க டெவலப்பர பொறுத்து மாறும், நான் 80ல ஆரம்பிப்பேன். சிவப்பு தெரியாததால குங்குமம் கறுப்பா விழும், நம்ம ஆளுங்க தோல் நேர்ல இருக்குறத விட அழுத்தமா விழும், நீல வானம் வெள்ளையாவே போயிடும். பழைய ஸ்டூடியோ படங்கள்ல உதடு கறுப்பா இருக்கும் பாத்திருப்பீங்க, அதே சங்கதிதான்.

ஹோல்டர் கண்ணாடிக்கு செஞ்சது, ஃபிலிம் அதுல ஆடும். அதே சைஸ்ல ஒரு கண்ணாடி வெட்டி, அது மேல கறுப்பு பேப்பர் ஒட்டி, அது மேல ஃபிலிம மெல்லிசான டபுள் சைடு டேப்புல ஒட்டிடுங்க. ஃபோகஸ் ஒரு மயிரிழை தள்ளும், லென்ஸ் துவாரத்த சின்னதாக்கி எஃப் 22 வச்சு எடுத்தீங்கன்னா தெரியவே தெரியாது. லென்ஸ்ல ஷட்டர் இல்லன்னா மூடியதான் கழட்டி மாட்டணும், உங்க தாத்தாவும் அப்படித்தான் எடுத்திருப்பாரு, அதனால ஒரு செகண்டுக்கு மேல வர்ற மாதிரி வெளிச்சம் பாத்துக்கங்க. படத்த பெருசாக்குற என்லார்ஜரும் தேவையில்ல, நெகட்டிவ பேப்பர் மேல வச்சு கான்டாக்ட் பிரின்ட் போட்டா கைல புடிக்கிற சைஸ்ல படம் வந்துடும்.

இந்த எடத்துல ஊட்டிய நெனக்காம இருக்க முடியல. ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960ல ஆரம்பிச்சு 1967லருந்து அங்கயே ஃபிலிம் செஞ்சாங்க, இந்துங்கிற பேர்ல வந்தது, எக்ஸ்ரே ஃபிலிமும் அங்க செஞ்சதுதான். நம்ம மலைல செஞ்ச ஃபிலிம நம்ம கேமராவுல போட்ட காலம் ஒண்ணு இருந்துச்சு. அந்த ஃபேக்டரி மூடுனது எனக்கு இன்னும் ஆறல.

டி-76, டி-23, பைரோ, ரோடினால்னு டெவலப்பர் பேரா படிக்க படிக்க தல சுத்துது சார். புதுசா ஆரம்பிக்கிறவன் எதக் கலக்குறது?
– திருச்சி, கல்லூரி மாணவர்

டி-23 கலக்குங்க தம்பி. ரெண்டே பொருள்தான், படத்த எழுப்புற மெட்டால் ஏழரை கிராம், அன்ஹைட்ரஸ் சோடியம் சல்ஃபைட் 100 கிராம், தண்ணி சேத்து மொத்தம் ஒரு லிட்டர். கோடாக்ல ரெண்டு பேரு வெளியிட்ட செய்முறை இது. ரெண்டே பொருள்ங்கிறதால தப்பு நடந்தாலும் எங்க நடந்துச்சுன்னு கண்டுபுடிச்சிடலாம், அஞ்சாறு பொருள் போட்டா ஃபிலிம் கெட்டதுக்கு எது காரணம்னே தெரியாது.

வரிசை முக்கியம். முக்கா லிட்டர் தண்ணிய 50 டிகிரி வரைக்கும் சூடு பண்ணிக்கங்க, ஆர்ஓ தண்ணி இல்ல பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு தண்ணி. அதுல சல்ஃபைட்ட ஒரே ஒரு சிட்டிகை போடுங்க, மெட்டால் காத்துபட்டு நெறம் மாறாம இருக்க. அப்புறம் மெட்டால் முழுசும் போட்டு கரையிற வரைக்கும் கலக்கிட்டு அதுக்கப்புறம்தான் மிச்ச சல்ஃபைட்ட கொஞ்சம் கொஞ்சமா போடணும். மாத்திப் போட்டா மெட்டால் கரையாது, வெள்ளை வெள்ளையா மெதந்துக்கிட்டே இருக்கும், எவ்ளோ கலக்குனாலும் கரையாது. சல்ஃபைட் வாங்குறப்ப அன்ஹைட்ரஸான்னு லேபிள்ல பாருங்க, கிரிஸ்டலா இருந்தா பாதி எடை தண்ணிதான், அப்ப 100க்கு பதிலா 200 கிராம் போடணும்.

மொதல்ல காச தராசுல போடுங்க, லென்ஸ்ல இல்ல. நகைக்கடைல வைக்கிற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு, 0.1 கிராம் காட்டுனா போதும். ஸ்பூன் கணக்குல கலக்குறவங்க இருக்காங்க, ஆனா போன வாரம் வந்த நெகட்டிவ் இந்த வாரமும் அப்படியே வரணும்னா ஸ்பூன் உதவாது.

டைம் கேட்டிருந்தீங்க. ஒண்ணுக்கு ஒண்ணு தண்ணி கலந்து, ஹெச்பி5 ஃபிலிம்னா டி-76க்கு சொல்ற அதே 13 நிமிஷம், எஃப்பி4னா 11 நிமிஷம், 20 டிகிரில. அது ஆரம்பம்தான், நெகட்டிவ்ல வெள்ளைப் பகுதி ரொம்ப அடர்த்தியா வந்தா அடுத்த தடவ ஒன்றரை நிமிஷம் கொறைங்க. ஒரு தடவைக்கு ஒரு விஷயத்த மட்டும் மாத்தி நோட்டுல எழுதுங்க, ஃபிலிமையும் டெவலப்பரையும் டைமையும் சேத்து மாத்துனா ஒண்ணும் வெளங்காது.

டி-23 கை வந்தப்புறம் டி-76க்கு போங்க: மெட்டால் 2, சல்ஃபைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2 கிராம், இதே வரிசைல ஒரு லிட்டருக்கு. போராக்ஸ்னதும் கெமிக்கல் கடைக்கு ஓட வேணாம், நாட்டு மருந்துக் கடைல வெங்காரம்னு கேட்டா குடுப்பாங்க. பச்சை வெங்காரம்தான் வேணும், பொரிச்ச வெங்காரத்துல தண்ணி போயிருக்கும், 2 கிராம் கணக்கு தப்பிடும். பைரோ இப்ப தொடாதீங்க. அந்த நெகட்டிவ் அழகுதான், ஆனா அது தோல் வழியா உள்ள போற விஷம், கையுறை போடுற பழக்கம் உடம்புல ஊறுனதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்.

காபித்தூள் டெவலப்பர் போட்டேன். இன்ஸ்டன்ட் காபி, விட்டமின் சி, சோடா எல்லாம் அளந்துதான் போட்டேன். 4க்கு 5 இன்ச் ஷீட் நாலும் கண்ணாடி மாதிரி வெறுமையா வந்துச்சு. நாலு ஷீட்டோட விலை நெனச்சா அழுகையா வருது. காபில சிக்கரி இருந்ததாலயா?
– கும்பகோணம், வாசகி

சிக்கரி இல்லங்க. உங்க கடிதத்துல பொருள் லிஸ்ட்ல ஆப்ப சோடான்னு எழுதியிருக்கீங்க, அதுதான் காரணம். இதுக்கு வேண்டியது சலவை சோடா, துணி வெளுக்கப் போடுறது. ஆப்ப சோடா பைகார்பனேட், அதுல காரம் ரொம்ப கம்மி, போதாததுக்கு விட்டமின் சி அமிலம் வேற, இருக்குற கொஞ்சத்தையும் அது தின்னுடும். காரம் இல்லன்னா காபி வெறும் காபிதான், ஃபிலிம்ல ஒண்ணும் நடக்காது. எனக்கும் இது நடந்திருக்கு. கொல்லிமலைல ரெண்டு நாள் தங்கி எடுத்த ஆறு ஷீட்டு, ஃபிக்ஸர்லருந்து (டெவலப் ஆன படத்த நிலைக்க வைக்கிற கரைசல்) எடுத்து பல்புக்கு நேரா புடிச்சேன், அந்தப் பக்கம் இருந்த சுவரு தெளிவா தெரிஞ்சுது. அந்த ஆறு ஷீட்டையும் இன்னும் வச்சிருக்கேன்.

ஒரு லிட்டருக்கு கணக்கு இது: அன்ஹைட்ரஸ் சலவை சோடா 54 கிராம், விட்டமின் சி பவுடர் 16 கிராம், இன்ஸ்டன்ட் காபி 40 கிராம், 20 டிகிரில 15 நிமிஷம். மளிகைக் கடைல கெடைக்கிறது பெரிய பெரிய கட்டியா கண்ணாடி மாதிரி இருந்தா அதுல தண்ணி நெறைய இருக்கு, 54க்கு பதிலா 146 கிராம் போடணும். உறுதியா தெரியலன்னா ஒரு வழி இருக்கு, உங்ககிட்ட இருக்குற ஆப்ப சோடாவயே ஓவன்ல 200 டிகிரில ஒரு மணி நேரம் வறுங்க, 100 கிராம் போட்டது 63 கிராமா எறங்கிடுச்சுன்னா அது முழுசா அன்ஹைட்ரஸ் சலவை சோடாவா மாறிடுச்சுன்னு அர்த்தம்.

கலக்குற வரிசை: மொதல்ல சோடா, அது கரைஞ்சு தெளிஞ்சதும் விட்டமின் சி, கடைசியா காபி. நாத்தம் அடிக்கும், ஜன்னல தொறந்து வைங்க. கலந்த அன்னிக்கே ஊத்திடணும், வச்சிருந்து பயன்படுத்த முடியாது. டிகாக்ஷன்ல பண்ணலாமான்னும் கேட்டிருந்தீங்க. வேல செய்யும், ஆனா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு திக்குல எறங்கும், அத நம்பி ஃபிலிம் போடாதீங்க. நல்ல டிகாக்ஷன் குடிக்கத்தான்.

இனிமே எந்த டெவலப்பர் கலந்தாலும் ஃபிலிம் போடுறதுக்கு முன்னாடி ஒரு துண்டு ஃபிலிம ரூம் வெளிச்சத்துல காட்டி அதுல போட்டுப் பாருங்க. சில நிமிஷத்துல கன்னங்கரேல்னு ஆகணும். ஆகலன்னா அன்னிக்கு டெவலப் பண்ணாதீங்க, அந்த ஒரு துண்டு உங்க நாலு ஷீட்டையும் காப்பாத்தியிருக்கும்.

எல்லா செய்முறையிலும் 20 டிகிரின்னு இருக்கு. எங்க ஊர்ல மே மாசம் குழாய்ல வர்ற தண்ணியே 33. ஏசி ரூம் இல்ல. என்ன பண்றது?
– வேலூர்

இந்தக் கேள்வி மட்டும் 9 பேரு கேட்டிருக்கீங்க. அந்த 20 டிகிரி குளிர் தேசத்துக்காரங்களுக்கு வசதியான நம்பர், அவ்ளோதான். நீங்க 24ல நில்லுங்க. கணக்கு சுலபம், 20ல நாலு நிமிஷம்னா 23ல மூணு நிமிஷம், அந்த விகிதத்துல போனா 13 நிமிஷம் 24 டிகிரில கிட்டத்தட்ட 9 ஆகும். 30ல அதே ஃபிலிம் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும், அஞ்சு நிமிஷத்துக்குக் கீழ போனா ட்ரேல ஊத்துறதுக்குள்ளயே ஒரு ஓரம் முந்திக்கும், வானத்துல திட்டுத்திட்டா தெரியும்.

24க்கு எப்படி எறக்குறது? மண்பானைல மொத நாள் ராத்திரியே தண்ணி ஊத்தி வைங்க, உங்க ஊரு காஞ்ச வெயிலுக்கு பானை நல்லாவே எறக்கும், சென்னை புழுக்கத்துல அவ்ளோ எறங்காது. மிச்சத்துக்கு ஐஸ். ஐஸ டெவலப்பர்ல போட்டுடாதீங்க, நீத்துப் போயிடும். அரை லிட்டர் பாட்டில்ல தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல ஒறைய வச்சு ஒரு பெரிய டப்ல தண்ணியோட போட்டு, அந்த டப்புக்குள்ள ட்ரேய வைங்க. நான் தெர்மாமீட்டர ட்ரேலயே சாச்சு வச்சுப்பேன், 23 காட்டுனதும் பாட்டில எடுத்து வெளில வைப்பேன், 25 ஏறுனா திரும்ப உள்ள. டெவலப்பர மட்டும் குளிர வச்சுட்டு கழுவுற தண்ணிய 33ல ஊத்தாதீங்க, ஜெலட்டின் சுருங்கி பாளம் பாளமா வெடிச்ச மாதிரி ஆயிடும். எல்லாம் ரெண்டு மூணு டிகிரிக்குள்ள இருக்கணும்.

முடியவே இல்லன்னா இன்னொரு வழி. வெப்ப நாடுகளுக்குன்னு கோடாக் குடுத்த டிகே-15 டெவலப்பர்ல லிட்டருக்கு 45 கிராம் சோடியம் சல்ஃபேட் போடச் சொல்லியிருக்கு, சல்ஃபைட் இல்ல, சல்ஃபேட், எழுத்த பாத்து வாங்குங்க. ஜெலட்டின் தண்ணிய குடிச்சு உப்பாம அது புடிச்சு வைக்கும்.

செட்டிநாட்டு வீட்டுக்குள்ள எடுக்குறேன். முற்றத்துல வெயில் கொளுத்துது, வளவுக்குள்ள இருட்டு. இருட்டு தெரிஞ்சா முற்றம் வெந்து போகுது, முற்றம் தெரிஞ்சா தூணே காணோம். ஃபிலிம் ஃபோமாபான் 100, டெவலப்பர் வீட்ல கலந்த டி-23.
– தேவகோட்டை

உங்ககிட்ட இருக்குற டெவலப்பரே இதுக்கு மருந்து. 1941 நவம்பர்ல நியூ மெக்சிகோல ஹெர்னான்டஸ்ங்கிற ஊர்ல அமெரிக்க போட்டோகிராபர் ஆன்சல் ஆடம்ஸ் நிலா ஏறுறத எடுத்தாரே, அந்த 8க்கு 10 நெகட்டிவ் இப்படி டெவலப் பண்ணதுதான். லைட் மீட்டர் கைக்கு கெடைக்கல, நிலாவோட வெளிச்சம் அவருக்கு மனப்பாடமா தெரியும், அத வச்சு எக்ஸ்போஷர் போட்டாரு. வீட்டுக்கு வந்து நீத்த டி-23ல முப்பது செகண்ட், அப்புறம் வெறும் தண்ணில ஆட்டாம அசைக்காம ரெண்டு நிமிஷம், இப்படி பத்து தடவ மாத்தி மாத்தி.

தண்ணில என்ன நடக்குதுன்னா, ஃபிலிம் கொஞ்சம் டெவலப்பர ஊறி வச்சிருக்கும். வெயில் பட்ட எடத்துல வேல நெறைய, அங்க அது சட்டுனு தீந்துடும். இருட்டுல வேல கம்மி, அங்க தீராம மெதுவா வேல செஞ்சுக்கிட்டே இருக்கும். முற்றம் நிக்கும், தூண் ஏறும். இப்ப வர்ற ஃபிலிம்ல எமல்ஷன் மெல்லிசு, அதனால அவருக்கு கெடைச்ச அளவு கெடைக்காது, ஆனா வித்தியாசம் தெரியும். தண்ணில இருக்கும்போது ட்ரேய தொடாதீங்க, கை பட்டு ஆடுச்சுன்னா பலன் போச்சு.

அதுக்கு முன்னாடி எக்ஸ்போஷர் சரியா இருக்கணும். தூணோட நிழல்ல மீட்டர் புடிச்சு அதுலருந்து ரெண்டு ஸ்டாப், அதாவது நாலுல ஒண்ணா, கொறைச்சுக்கங்க. எஃப் 32ல 10 செகண்டுன்னு வந்தா, ஃபோமாபான் 100க்கு 10 செகண்ட் குடுத்தா பத்தாது, 80 செகண்ட் குடுக்கணும், அந்த ஃபிலிம் நீண்ட எக்ஸ்போஷர்ல அவ்ளோ சோம்பும். ஒரு செகண்டுக்கே ரெண்டு செகண்ட், 100 செகண்டுக்கு 1600. பல பேரு இத விட்டுட்டு டெவலப்பர குத்தம் சொல்றாங்க. 80 செகண்ட்ல முற்றத்துல ஆள் நடந்தா பரவால்ல, விழ மாட்டாங்க, ஆனா ஊஞ்சல நிறுத்திடுங்க.

150 எம்எம் லென்ஸ்ல மல்லிப்பூவ நிஜ சைஸ்ல எடுத்தேன், மீட்டர் சொன்னபடிதான் குடுத்தேன், இருட்டா வந்துச்சு.
– சத்தியமங்கலம்

பெல்லோஸ் 300 எம்எம் நீண்டிருக்கும். நீளம் ரெண்டு மடங்குன்னா வெளிச்சம் நாலுல ஒண்ணு. மீட்டர் சொன்னத நாலால பெருக்குங்க.

என் பையன் பாராசிட்டமால் மாத்திரைல டெவலப்பர் செய்யிறேன்னு 30 மாத்திரை வாங்கிட்டு வந்து சமையல்கட்டுல கலக்குறான். வீட்ல நாலு வயசு பேத்தி இருக்கா. இது சரியா?
– மதுரை, ஒரு அம்மா

அம்மா, உங்க பயம் நியாயமானது. அவன் செய்யிறது விளையாட்டு இல்ல, 500 மில்லிகிராம் மாத்திரை 30, சல்ஃபைட் 50 கிராம், காஸ்டிக் சோடா 20 கிராம், மொத்தம் கால் லிட்டர், மூணு நாள் வச்சா மாத்திரைல இருக்குற மருந்து உடைஞ்சு, 1891லருந்து விக்கிற ரோடினால் டெவலப்பர்ல இருக்குற அதே பொருளா மாறும். அத ஒண்ணுக்கு அம்பதுன்னு தண்ணி கலந்து பயன்படுத்துவான். செய்முறை சரி, எடம் தப்பு.

காஸ்டிக் சோடா கண்ணுல ஒரு துளி பட்டா பார்வையே போயிடும். கண்ணுக்கு கண்ணாடி, கைக்கு கையுறை போட்டுக்கிட்டு மொட்டமாடில, காத்தோட்டமா கலக்கச் சொல்லுங்க. குளிர்ந்த தண்ணில காஸ்டிக்க கொஞ்சம் கொஞ்சமா போடணும், காஸ்டிக் மேல தண்ணி ஊத்தவே கூடாது, கொதிச்சு தெறிக்கும். சமையல் பாத்திரம், கரண்டி, அளவு கப் எதையும் தொடக்கூடாது, அவனுக்குன்னு தனியா வாங்கிக்கட்டும், அதுல பெயின்ட்ல குறி போட்டு வைக்கட்டும். ஜூஸ் பாட்டில், தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்கிறத மட்டும் அனுமதிக்கவே அனுமதிக்காதீங்க. பழுப்பு கலர் மருந்து பாட்டில், பெரிய எழுத்துல விஷம்னு லேபிள், பூட்டுற அலமாரி. குழந்த வாயில போட்டுட்டான்னு சந்தேகம் வந்தாலே வீட்ல வைத்தியம் பாக்காம பாட்டிலையும் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. பூட்டு வாங்குற வரைக்கும் கலக்க வேணாம்னு நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லுங்க.

மெட்டால் கையாளுற மத்தவங்களுக்கும் சேத்து சொல்றேன், வெறுங்கைய ட்ரேல விடாதீங்க. சிலருக்கு விரல் இடுக்குல அரிப்பு வந்து தோல் உரியும், ஒரு தடவ வந்துட்டா அப்புறம் எப்ப தொட்டாலும் வரும்.

பழைய ஹைப்போவ (ஃபிக்ஸர்) எங்க ஊத்துறது?
– நாகர்கோவில்

குளத்துலயும் கிணத்துப் பக்கமும் செடிக்கும் ஊத்தாதீங்க, அதுல கரைஞ்சிருக்குற வெள்ளி மீனுக்கும் தண்ணில இருக்குற சின்ன உயிருக்கும் விஷம். ஒரு பிளாஸ்டிக் வாளில சேத்து வச்சு அதுல இரும்பு ஸ்டீல் உல் போட்டு ஒரு வாரம் விடுங்க. இரும்பு கரைஞ்சு வெள்ளி கறுப்பு சேறா அடில தங்கும். சேற வடிச்சு காய வச்சு வையுங்க, எக்ஸ்ரே ஃபிலிம்லருந்து வெள்ளி எடுக்குறவங்க வாங்கிக்குவாங்க. மேல நிக்கிற தண்ணிய நெறைய தண்ணி விட்டு கழிவுநீர் குழாய்ல ஊத்தலாம், செப்டிக் டேங்க் வீடா இருந்தா அதுல வேணாம். ஹைப்போ தீந்துச்சான்னு பாக்க ஒரு துண்டு ஃபிலிம போட்டு தெளியிற நேரத்த எண்ணுங்க, புதுசுல எடுத்த நேரத்த விட ரெண்டு மடங்கு ஆச்சுன்னா வாளிக்குப் போகலாம்.